பள்ளிக்கூடத்தைச் சுற்றி நூறு கஜம்

(தாய்மார்களும் தகப்பன்மார்களும் படித்து, படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கும் படித்துக் காட்ட வேண்டிய பாடம்)



காலை எட்டரை மணி. மணலியில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் வீட்டுக்குத் திரும்பிக் கொண்டிருப்பார்கள். கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குப் போக வரிசை கட்டி நிற்கும். அந்த லாரிகளுக்கு ஓரமாக, பை மாட்டிய நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவார்கள். வழியில் ஒரு பெட்டிக்கடை. பென்சில் வாங்க, மிட்டாய் வாங்க நிற்பார்கள். "சாப்பிட ஏதாச்சும் வாங்கிக்கோடா" என்று நீங்கள் கொடுத்த இருபது ரூபாய் அவர்கள் பையில் இருக்கும்.

அந்த இருபது ரூபாய்க்கு அந்தக் கடையில் என்னென்ன கிடைக்கிறது என்று என்றைக்காவது நின்று பார்த்திருக்கிறீர்களா?

இப்போதெல்லாம் டீக்கடையில் ஒரு பேச்சு அடிபடுகிறது. "வெளிநாட்டுல கஞ்சாவை கடை வெச்சே விக்கிறாங்களாமே! லைசென்சு குடுத்து வித்தா கவர்மெண்டுக்கும் வருமானம், திருட்டு விற்பனையும் ஒழியும். நம்ம ஊர்ல மட்டும் ஏன் கூடாது?" என்று கேட்கிறார்கள். உங்கள் பிள்ளையும் செல்போனில் பார்த்துவிட்டு இதையே கேட்கலாம். "சீ, வாயை மூடு" என்று அதட்டினால் அது பதில் ஆகாது. விவரம் தெரிந்து பதில் சொல்ல வேண்டும். அதற்காகவே இந்தப் பாடம்.

கஞ்சா என்பது என்ன?

கஞ்சாச் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப் பகுதியை உலர்த்தி எடுப்பதே கஞ்சா. பிசினை எடுத்து உருட்டினால் சரஸ். இலையை அரைத்தால் பாங்கு. மூன்றும் ஒரே செடியின் பிள்ளைகள். பீடியிலோ சிகரெட்டிலோ அடைத்துப் புகைப்பதுதான் நம் பக்கத்தில் அதிகம். மிட்டாய் போல, சாக்லெட் போலச் செய்து விற்றதையும் தமிழ்நாட்டில் பலமுறை பிடித்திருக்கிறார்கள். ஆகையால் "புகை நாத்தம் இல்லையே, நம்ம புள்ள சுத்தம்" என்று இருந்துவிடக் கூடாது.

இச்செடிக்கு சித்த வைத்தியத்தில் மருந்தாக இடம் உண்டு. இன்றைய ஆங்கில மருத்துவத்திலும் சிலவகை வலிப்பு நோய்களுக்கு இதிலிருந்து பிரித்தெடுத்த மருந்து சில நாடுகளில் தரப்படுகிறது. வைத்தியர் அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்து வேறு, பதினாலு வயதுப் பையன் சுவர் மறைவில் நின்று இழுக்கும் புகை வேறு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறவர் பேச்சில் மயங்க வேண்டாம்.

நம் ஊரிலும் கடை இருந்தது

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை ராஜதானியிலும் லைசென்சு பெற்ற கஞ்சாக் கடைகள் இருந்தன. கள்ளுக்கடை, சாராயக்கடை போலவே ஏலம், வரி எல்லாம் உண்டு. 1893-ல் இதைப்பற்றி விசாரிக்க அரசாங்கம் ஒரு கமிஷன் அமைத்தது. நாடெங்கும் 1,193 சாட்சிகளை விசாரித்து 1894-ல் அறிக்கை கொடுத்தார்கள். அளவோடு உபயோகிக்கும் பெரியவர்களுக்குப் பெரிய கேடு இல்லை, மிதமிஞ்சினால் கேடு, ஆகவே முழுத்தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்பது அந்த அறிக்கையின் சாரம். இன்றும் கடை வேண்டும் என்போர் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அது உண்மையில் எழுதப்பட்டதுதான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது அளவோடு நிற்கும் பெரியவர்களைப் பற்றிய பேச்சு. வளரும் பிள்ளையின் மூளையைப் பற்றி இன்று தெரிந்தவை அன்று யாருக்கும் தெரியாது.

பிறகு காலம் மாறியது. ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது 1937-ல் சென்னை மதுவிலக்குச் சட்டம் வந்தது. சேலம் ஜில்லாவில் தொடங்கி, 1948-ல் ராஜதானி முழுவதும் பரவியது. மது மட்டுமல்ல, லாகிரிப் பொருள்களும் அச்சட்டத்தில் அடங்கும். 1961-ல் உலக நாடுகள் சேர்ந்து போதைப்பொருள்களைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி 1985-ல் இந்தியா முழுமைக்கும் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்பின் கஞ்சாவைப் போதைக்காக விற்பது நாடெங்கும் குற்றம்.

ஆகவே இன்று மணலியில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எங்கேயும் கஞ்சாக் கடைக்கு அனுமதி கிடையாது. பள்ளிக்கு அருகிலும் கிடையாது, தூரத்திலும் கிடையாது.

அனுமதித்த நாடுகள் என்ன செய்தன?

அனுமதி கொடுத்த நாடுகளையும் பார்த்துவிடுவோம்.

கனடா தேசத்தில் 2018 அக்டோபரில் பெரியவர்களுக்கு விற்க அனுமதித்தார்கள். ஆனால் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது. அங்குள்ள ஒன்டாரியோ மாகாணத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரியில் கடைகள் திறந்தபோது, பள்ளியிலிருந்து ஆயிரம் அடி என்பது பொது விதியாக இருந்தது.

ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரம் இதற்குப் பேர்போனது. அங்கே நெடுங்காலமாகக் கடை நடக்க விட்டிருந்தார்கள். அந்த நகரமே பிற்பாடு யோசித்து, உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து 250 மீட்டருக்குள் இருந்த கடைகளைப் படிப்படியாக மூடவைத்தது. 2017 பிறக்கும்போது அந்நகரின் மிகப் பழைய கடைகளில் ஒன்று இவ்விதியால் மூடப்பட்டது.

நமக்குக் கிட்டத்தில் உள்ள தாய்லாந்தின் கதை வேறு. 2022 ஜூன் மாதம் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். முழுமையான சட்டம் எழுதி முடிப்பதற்கு முன்பே தெருவுக்குத் தெரு ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 20 வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு விற்கக் கூடாது என்று அவசர அவசரமாக விதி போட்டார்கள். கடைசியில் 2025 ஜூன் மாதம், வைத்தியர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பி வந்துவிட்டார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பெரியவர்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதில் தேசத்துக்குத் தேசம் கருத்து வேறாகலாம். ஆனால் கடையைத் திறந்தவர்களும் பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார்கள். டீக்கடையில் கேட்கிறவருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "விக்கிற ஊர்லயே ஸ்கூல் பக்கத்துல விக்க விடலியே, அண்ணே!"

பிள்ளைக்கு மட்டும் ஏன் தனிக் கோடு?

மனிதனுடைய மூளை பிறந்த நாளோடு முடிந்துவிடுவதில்லை. சுமார் 25 வயது வரை அது வேலை முடியாத வீடு போல வளர்ந்துகொண்டே இருக்கிறது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று நிதானித்துச் சொல்லும் முன்பகுதிதான் கடைசியாக முற்றுகிறது. ஈரம் காயாத காரைச் சுவரில் ஆணி அடித்தால் என்ன ஆகும்? காய்ந்த சுவரில் சிறு துளைதான் விழும். ஈரச் சுவரில் பாளமாகப் பெயர்ந்து வரும். பதினாலு வயது மூளையில் கஞ்சா செய்வதும் இப்படித்தான்.

புகைத்த சில மணி நேரத்துக்கு ஞாபகம் மந்தப்படும், கவனம் சிதறும், காலம் நீண்டது போலத் தோன்றும், நெஞ்சு படபடக்கும். மணலியில் இதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு. எதிரே லாரி வருவதைக் கண் பார்த்தாலும் கால் நகரத் தாமதமாகும். நெடுஞ்சாலையைக் கடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தத் தாமதம் உயிர் விஷயம்.

தினமும் பழகினால் படிப்பில் பின்தங்குவான். எதிலும் நாட்டம் குறையும். பழகுகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவர் விட முடியாத நிலைக்குப் போகிறார். பதின்வயதிலேயே தொடங்கினால் அது ஆறில் ஒருவராக ஏறுகிறது. பெரியவருக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்கிலேயே தெரியும்.

மனநோய் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்வீடன் நாட்டில் ராணுவத்துக்குச் சேர்த்த 45,570 இளைஞர்களைப் பதினைந்து வருஷம் கவனித்து 1987-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா உபயோகித்தவர்களுக்கு, மனச்சிதைவு என்னும் நோய் மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. புகைத்தவர் எல்லோருக்கும் அந்நோய் வரும் என்பது அர்த்தமல்ல. பெரும்பாலோருக்கு வரவில்லை. ஆனால் குடும்பத்தில் முன்பே மனநோய் கண்டிருந்தால் ஆபத்து அதிகம். அப்படிப்பட்ட வீட்டார் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்ப காலத்தில் கஞ்சா உபயோகித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும். பாலூட்டும் காலத்தில் தாய்ப்பால் வழியாகவும் அது குழந்தைக்குச் சேரும். வீட்டுக்குள் யாரும் புகைக்க இடம் கொடாதீர்கள்.

நம் ஊரில் கடைக்குப் போர்டு கிடையாது

மற்ற தேசங்களில் கடைக்குப் பெயர்ப் பலகை உண்டு. இன்ஸ்பெக்டர் வந்து நாடா வைத்து அளக்கலாம். நம் ஊரில் அந்தக் கடைக்குப் போர்டும் இல்லை, கதவும் இல்லை. சில நாள் பாழடைந்த கட்டடம், சில நாள் லாரி நிறுத்தும் இடம், சில நாள் பைக்கில் வரும் ஒரு "அண்ணன்". ஆந்திரா, ஒரிசா எல்லை மலைகளில் விளையும் சரக்கு ரயிலிலும் லாரியிலும் தெற்கே வருகிறது. வடசென்னை அந்த வழியில் முதல் வாசல். சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட், கன்டெய்னர் யார்டு என்று இரவும் பகலும் வண்டி வந்துபோகும் ஊர் நம்முடையது. வரும் வண்டிக்காரர்கள் எல்லோரும் உழைப்பாளிகள். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்வது கெட்டவனுக்குச் சுலபம்.

பிள்ளை நேராகக் கஞ்சாவுக்குப் போவது அரிது. படிப்படியாகத்தான் போகிறான். முதல் படி, வாயில் ஒதுக்கிக்கொள்ளும் ஹான்ஸ், கூல் லிப் போன்ற பொட்டலங்கள். இரண்டாம் படி சிகரெட். மூன்றாம் படியில் சிகரெட்டுத் தூளை உதிர்த்துவிட்டு வேறொன்றை அடைத்துக் கொடுக்க ஒருவன் வந்து நிற்கிறான். முதல் படி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் பள்ளிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தெரிந்துகொள்ளுங்கள்:

1. 2003-ம் வருஷத்துப் புகையிலைச் சட்டப்படி, பள்ளி, கல்லூரியைச் சுற்றி 100 கஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை எதுவும் விற்கக் கூடாது. 100 கஜம் என்பது சுமார் 91 மீட்டர். 18 வயதுக்குட்பட்டவருக்கு எந்த இடத்திலும் விற்கக் கூடாது.

2. மதுக்கடை மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள்ளும், மற்ற ஊர்களில் 100 மீட்டருக்குள்ளும் இருக்கக் கூடாது. மணலி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆகவே நமக்கு 50 மீட்டர்.

3. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் 77-ம் பிரிவின்படி, வைத்தியர் சொல்லாமல் ஒரு குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். 78-ம் பிரிவின்படி, குழந்தையை விட்டு விற்கச் செய்தாலும், தூக்கிக்கொண்டு போகச் செய்தாலும் அதே தண்டனை.

4. 1985-ம் வருஷத்துச் சட்டத்தில், பள்ளிக்குள்ளோ பள்ளிக்கு மிக அருகிலோ நடந்த குற்றம் என்பதையும், சிறுவர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்பதையும் தண்டனையைக் கூட்டுவதற்குரிய காரணங்களாக நீதிபதி எடுத்துக்கொள்ளலாம்.

கோட்டைச் சட்டம் போட்டுவிட்டது. ஆனால் 100 கஜ விதியை மீறினால் அந்தப் புகையிலைச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய் வரைதான். ஒரு நாள் வியாபாரத்திலேயே அதை எடுத்துவிடலாம். 77-ம் பிரிவு கடுமையானது. ஆனால் யாராவது பார்த்துச் சொன்னால்தான் அதுவும் வேலை செய்யும். கோட்டைக் காவல் காப்பது அந்தத் தெருவில் குடியிருக்கும் நம்முடைய கையில் இருக்கிறது.

ஒரு வீட்டில் நடந்தது

கீழே சொல்வது குறிப்பிட்ட ஒரு வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து ஒரு வீடாகச் சொல்கிறோம்.

அப்பா யார்டில் கான்ட்ராக்ட் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட். அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறார். பையன் ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாள் துணி துவைக்க எடுத்தபோது ஜியாமெட்ரி பாக்ஸில் இரண்டாயிரம் ரூபாய் இருந்தது. "ஏதுடா?" என்று கேட்டால், "அண்ணன் ஒருத்தரு ஒரு பையைக் குடுத்து எம்.எஃப்.எல். பக்கம் குடுத்துட்டு வரச் சொன்னாரு" என்றான். பையில் என்ன என்று அவன் கேட்கவில்லை. கேட்காமலே அவனுக்குத் தெரியும்.

அப்பா பெல்ட்டை எடுத்தார். அம்மா கதவைச் சாத்தினார், அழுகைச் சத்தம் வெளியே கேட்கக் கூடாதே என்று. மூன்று நாள் பையன் வீட்டுக்கு வரவில்லை. அந்த மூன்று நாளும் சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்தது யார்? அதே "அண்ணன்"தான்.

நான்காம் நாள் அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். "நர்ஸம்மா, போலீசுக்குப் போனா எம்புள்ள பேரு கெட்டுடும். போவலன்னா அவன் கெட்டுடுவான். நான் இன்னா செய்ய?" என்று கேட்டார்.

நர்ஸம்மா சொன்ன பதில் இது: "மொதல்ல அவன வீட்டுக்குக் கூட்டிக்கினு வாம்மா. அடிக்க மாட்டோம்னு அவங்கப்பா வாயால சொல்லச் சொல்லு. அவன் திருடன் இல்ல, நோயாளி. டைபாய்டு வந்தா அடிப்பியா? டாக்டர் கிட்ட கூட்டிக்கினு போவோம். பையைக் குடுத்தவனப் பத்தி நீ பேரு சொல்லாமலே போன் பண்ணலாம்."

பையன் வந்தான். வைத்தியரிடம் போனான். முதல் வாரம் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். இரண்டு மூன்று வாரத்தில் அது தணிந்தது. இரண்டு மாதம் கழித்து ஒருமுறை மறுபடியும் புகைத்துவிட்டான். அன்றைக்கு அம்மா அழவில்லை. "வா, டாக்டர் கிட்ட போலாம்" என்றார். அப்பா ஷிப்ட் மாற்றிக் கேட்டு, மாலையில் அவனைப் பள்ளி வாசலிலிருந்து தானே சைக்கிளில் கூட்டிவந்தார். இவன் இப்போது பத்தாம் வகுப்பு எழுதப் போகிறான்.

எல்லா வீட்டிலும் இப்படி நல்லபடி முடிவதில்லை. பெல்ட்டோடு நின்றுவிட்ட வீடுகளில் முடிவதே இல்லை.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

கண் சிவந்திருத்தல், அதை மறைக்கக் கண் சொட்டு மருந்து வைத்திருத்தல். நேரம் கெட்ட நேரத்தில் அதிகப் பசி. துணியில் தழை எரிந்தது போன்ற வாடை. பையில் லைட்டர், சுருட்டும் மெல்லிய காகிதம், தூள் உதிர்த்த சிகரெட். பழைய நண்பர்களை விட்டுவிட்டு வயதில் பெரியவர்களோடு புதுச் சகவாசம். கணக்குத் தெரியாத பணம், அல்லது வீட்டில் பணம் காணாமல் போதல். மதிப்பெண் திடீரென்று இறங்குதல்.

இதில் ஒன்று இருந்தாலே கஞ்சா என்று முடிவு கட்டாதீர்கள். கண்வலியாலும் கண் சிவக்கும். இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால், சாப்பாடு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அமைதியாகக் கேளுங்கள். நீங்களும் பீடி, குடி வைத்திருந்தால் அதையும் ஒப்புக்கொண்டு பேசுங்கள். பிள்ளை அதைத்தான் முதலில் கேட்பான்.

செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது

அடிக்காதீர்கள். வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். ஊரிலிருந்து பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். தாயத்து, மந்திரம், "ஒரே நாளில் நிறுத்தும் லேகியம்" என்று பணத்தை இழக்காதீர்கள். இந்தப் பழக்கத்தை ஒரே மாத்திரையில் அறுக்கும் மருந்து கிடையாது. வைத்தியரின் ஆலோசனை, மனநல ஆலோசகரோடு பேச்சு, வீட்டாரின் பொறுமை ஆகிய மூன்றும் சேர்ந்ததே வைத்தியம்.

சிகிச்சைக்கு அரசு ஸ்டான்லி மருத்துவமனையும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. போதை மீட்புக்கென்றே 2025-ல் தமிழ்நாட்டில் 25 இடங்களில் "கலங்கரை" என்ற பெயரில் அரசு மையங்கள் தொடங்கப்பட்டன.

"ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸ் ஆயிடுமா?" என்று பயப்பட வேண்டாம். 1985-ம் வருஷத்துச் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால், உபயோகித்ததற்காகவும் சிறிய அளவு வைத்திருந்ததற்காகவும் வழக்கு நடத்துவதிலிருந்து விலக்குப் பெறலாம். 18 வயதுக்குட்பட்டவர் விஷயத்தை இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். அவர்களைப் பெரியவர்களோடு சிறையில் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை.

பள்ளிக்கூடத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பிடிபட்ட பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் பள்ளிக்குத் தொல்லை விட்டது, விற்கிறவனுக்கு முழுநேர ஆள் கிடைத்தான். எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அதற்கு மேல் படிக்கும் பிள்ளைக்கும் அதே கருணை வேண்டும்.

தெருவார் சேர்ந்து செய்யக்கூடியது

முதல் வேலை, நடந்து பார்ப்பது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு தாய்மார்கள் சேர்ந்து பள்ளிக்கூட வாசலில் நில்லுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு பக்கமும் சாதாரண நடையில் 130 அடி எடுத்து வையுங்கள். அதுவே ஏறக்குறைய நூறு கஜம். அதற்குள் எத்தனை கடை, அவற்றில் எத்தனை கடையில் சரம் சரமாகப் பொட்டலம் தொங்குகிறது, எந்த மூலையில் விளக்கு எரியவில்லை, எந்தச் சுவர் இடிந்து மறைவிடமாக இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

இரண்டாவது, கடைக்காரரிடம் பேசுவது. பெட்டிக்கடை வைத்திருப்பவரும் பெரும்பாலும் நம் போன்ற ஏழைதான். புருஷன் இல்லாத ஒரு அக்காவாகவும் இருப்பார். சண்டைக்குப் போகாதீர்கள். "அக்கா, உங்க பேரனும் இதே ஸ்கூல்லதான படிக்கிறான்? நோட்டு, பேனா, கடலை மிட்டாய் எல்லாம் உங்க கிட்டயே வாங்குறோம். அந்தச் சரத்தை மட்டும் எடுத்துடுங்க" என்று சொல்லுங்கள். வாங்குவோம் என்று சொன்னதைச் செய்யுங்கள். அவருக்குப் பிழைப்பு நின்றுவிடக் கூடாது.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. அரசுப் பள்ளிகளில் இக்குழுவின் உறுப்பினரில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். உங்களுக்கு நாற்காலி ஏற்கனவே போட்டாகிவிட்டது, போய் உட்காருங்கள். எழுதிய தாளைக் கூட்டத்தில் வையுங்கள். "100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது" என்ற போர்டு பள்ளி வாசலில் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு, சுவர் பற்றி மண்டல அலுவலகத்துக்கு மனுக் கொடுங்கள்.

நான்காவது, தகவல் சொல்வது. விற்கிறவனை நீங்கள் நேரில் மடக்க வேண்டாம், அது ஆபத்து. கீழ்க்கண்ட எண்களுக்குப் போன் செய்தால் போதும்:

கஞ்சா, போதைப்பொருள் விற்பனை பற்றிச் சொல்ல: 10581
குழந்தை ஆபத்தில் இருந்தால்: 1098
போதைப் பழக்கத்தை விட ஆலோசனைக்கு: 14446
மனநல ஆலோசனைக்கு: 14416

"நாம சொல்லி இன்னா ஆவப் போவுது?" என்று சலித்துக்கொள்கிறீர்களா? பள்ளி, கோயில் அருகே மதுக்கடை வேண்டாம் என்று தமிழ்நாட்டில் ஊர் ஊராகத் தாய்மார்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 2023 ஜூன் மாதம் அரசு 500 மதுக்கடைகளை மூடியபோது, பள்ளிக்கும் கோயிலுக்கும் அருகில் இருந்தவையும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. லைசென்சு உள்ள கடையையே மூடவைக்க முடிந்தது. போர்டு இல்லாத கடைக்குப் பயப்படலாமா?

கூடிப் பேசுக

இப்பாடத்தை மாதர் சங்கத்திலோ சுயஉதவிக் குழுவிலோ படித்த பிறகு, இக்கேள்விகளைப் பற்றிப் பேசுங்கள்:

1. நம் தெருப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் நூறு கஜத்துக்குள் என்னென்ன விற்கிறது?
2. பள்ளி விட்டபின் அப்பா, அம்மா வேலையிலிருந்து வரும்வரை பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? அந்த இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள நம்மில் யார் இருக்கிறோம்?
3. பக்கத்து வீட்டுப் பையன் சிகரெட்டோடு நிற்பதைப் பார்த்தால் அவன் தாயிடம் எப்படிச் சொல்வோம்? நம் பையனைப் பற்றி நம்மிடம் வந்து சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வோம்?

மூன்றாவது கேள்விதான் கடினம். அதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

நினைவில் வையுங்கள்

பள்ளிக்கு அருகே போதைக் கடை, எந்த நாட்டிலும் ஆகாது.
கோடு போட்டது சட்டம், காவல் காப்பது நாம்.
விற்கிறவன் குற்றவாளி, சிக்கிய பிள்ளை நோயாளி.
அடிக்கும் கையை அணைக்கும் கையாக்குவோம், பிள்ளையை வீட்டோடு வைப்போம்.